அகர வரிசைக்குப் பாறையோட வயசு தெரியாது

அக்கா பையன் எம்.எஸ்ஸி. ஜியாலஜி கடைசி வருஷம் படிக்கிறான். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், நான் சாப்பிட்டுட்டு லேசா கண்ணசரப் போற நேரம் பாத்து லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்துட்டான்.

"மாமா, ப்ராஜெக்ட் மேப் முடிச்சுட்டேன். ஒரு பார்வை பாத்துடுங்க. நாளைக்கு பிரிண்ட் போடணும்."

நான் ஜியாலஜிஸ்ட் எல்லாம் கிடையாது. வரைபடப் பைத்தியம், அவ்ளோதான். எந்த மேப்பைப் பாத்தாலும் முதல்ல மூலையில இருக்கற கட்டத்தைத்தான் பாப்பேன். அதாங்க, லெஜண்ட். தமிழ்ல குறிவிளக்கம்னு சொல்லலாம். எந்த நிறம் எந்தப் பாறை, எந்தக் கோடு என்னன்னு சொல்ற பட்டியல். கடிதத்துல கையெழுத்தைப் பாக்கற மாதிரி எனக்கு அது ஒரு பழக்கம்.

பையனோட மேப் புதுச்சேரியும் சுத்துவட்டாரமும். சுத்தமா, அழகா போட்டிருந்தான். குறிவிளக்கத்துல மேலேருந்து கீழே இப்படி இருந்துச்சு: அல்லூவியம், சார்னோக்கைட், கடலூர் மணற்கல், கடப்பேரிக்குப்பம், மணவெளி, ஒட்டை களிக்கல், துருவை சுண்ணாம்புக்கல், வானூர் மணற்கல்.

"என்னடா வரிசை இது?"

"சாஃப்ட்வேரே போட்டுடுச்சு மாமா. ஆட்டோமேட்டிக்."

அதுல அவனுக்கு ஒரு பெருமை வேற. பேரையெல்லாம் இங்கிலீஷ்ல எழுதிப் பாத்தா விஷயம் புரிஞ்சிடும். ஏ, சி, சி, கே, எம், ஓ, டி, வி. சுத்தமான அகர வரிசை. டெலிபோன் டைரக்டரிக்கு ரொம்பப் பொருத்தம். ஜியாலஜி மேப்புக்கு?

சரி, இதுல என்ன குடி முழுகிப் போச்சுன்னு கேக்கறவங்களுக்காகக் கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

நிலவியல் வரைபடத்துல குறிவிளக்கத்தோட வரிசை அலங்காரத்துக்கு வெச்சது இல்லை. வயசுல சின்னது மேலே, பெரிசு கீழே. ஏன்னா மண்ணுக்குள்ள பெரும்பாலும் அப்படித்தான் இருக்கு. பழைய படிவு அடியில, புதுசு அது மேல. அந்தப் பட்டியலை மேலேருந்து கீழே படிச்சா ஒரு போர்வெல்லுக்குள்ள இறங்கிப் பாக்கற மாதிரி இருக்கணும். மேப் காட்டறது தரைமட்டம். தரைக்குக் கீழே என்ன இருக்குன்னு மொதல் தகவல் தர்றது அந்தப் பட்டியல்தான்.

நம்ம ஊர் கதையை மத்திய நிலத்தடி நீர் வாரியத்தோட அறிக்கைகள்ல இருக்கற வரிசைப்படி சொல்றேன். எல்லாத்துக்கும் மேலே ஆத்து வண்டல், அதான் அல்லூவியம். சங்கராபரணியும் தென்பெண்ணையும் கொண்டு வந்து போட்டது. அடுத்தது கடலூர் மணற்கல். கோரிமேட்டுலயும் ஆரோவில் பக்கமும் பாக்கற செவசெவன்னு இருக்கற மண், அதோட சமாச்சாரம்தான். திருவக்கரையில கல்லாப் போன மரங்கள் கிடக்கறதும் இதே கடலூர் மணற்கல்லுலதான். அதுக்குக் கீழே மணவெளி, அப்புறம் கடப்பேரிக்குப்பம். இது ரெண்டும் பேலியோசீன் காலம். அதுக்கும் கீழே துருவை சுண்ணாம்புக்கல், ஒட்டை களிக்கல், வானூர் மணற்கல். இவை மூணும் கிரட்டேசியஸ், டைனோசர் காலம். எல்லாத்துக்கும் அடியில, 250 கோடி வருஷத்துக்கும் முந்தைய ஆர்க்கேயன் காலத்துப் பாறைகளான சார்னோக்கைட்டும் நைஸும்.

இப்போ பையனோட பட்டியலை மறுபடி பாருங்க. அடியில கிடக்க வேண்டிய சார்னோக்கைட், ஆத்து வண்டலுக்கு நேர் கீழே ரெண்டாவது இடத்துல உக்காந்திருக்கு. கொள்ளுத்தாத்தாவைக் கொண்டு போய் எல்.கே.ஜி. வரிசையில நிக்க வெச்ச மாதிரி. வானூர் மணற்கல் என்னமோ அஸ்திவாரம் மாதிரி எல்லாத்துக்கும் கீழே கிடக்கு.

இதை விட ஆபத்தான ஒண்ணு இருக்கு. கடப்பேரிக்குப்பமும் மணவெளியும், ஒட்டை-துருவை-வானூருக்கு மேலே வந்திருக்கு பாருங்க. அது சரிதான்! ஆனா கே-யும் எம்-மும் ஓ-வுக்கு முன்னாடி வர்றதால அமைஞ்ச அதிர்ஷ்டம் அது. அந்த ரெண்டுக்குள்ள மணவெளி மேலே இருக்கணும், தலைகீழா இருக்கு. துருவையும் ஒட்டையும் அதே மாதிரி இடம் மாறிக் கிடக்கு. முழுசாத் தப்பா இருந்தா யாராவது கண்டுபிடிச்சிடுவாங்க. பாதி சரியா இருக்கற பட்டியல்தான் யார் கண்ணுலயும் படாம பிரிண்ட் ஆகி, பைண்ட் ஆகி, லைப்ரரிக்குப் போயிடும்.

இத்தனைக்கும் சாதாரண இடம் இல்லைங்க இது. துருவைக்கும் கடப்பேரிக்குப்பத்துக்கும் நடுவுலதான் 6.6 கோடி வருஷத்துக்கு முந்தின அந்த எல்லை வருது. டைனோசர்கள் காலம் முடிஞ்சு பாலூட்டிகள் தலையெடுத்த எல்லை. புதுச்சேரி பக்கம் கிடைச்ச கடல் உயிரினப் புதைபடிவங்களை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் லண்டன்ல உக்காந்து விவரிச்சு எழுதினது 1846-ல. ஹென்றி பிளான்ஃபோர்டு தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களோட கிரட்டேசியஸ் பாறைகளைப் பத்தி ஜி.எஸ்.ஐ.-க்காக எழுதினது 1862-ல. அதுக்கப்புறம் எத்தனையோ பேர் வெயில்ல அலைஞ்சு, சிப்பி பொறுக்கி, எது மேலே எது கீழேன்னு சண்டை போட்டு வரிசைப்படுத்தி வெச்சதை ஒரு கிளிக்குல ஏ டு இசட் ஆக்கிட்டோம்.

நிறம் இன்னொரு கூத்து. கியூஜிஐஎஸ்-ல 'கேட்டகரைஸ்டு'ன்னு தேர்ந்தெடுத்து 'கிளாசிஃபை' அமுக்கினா, நாம வேற எதுவும் சொல்லாத வரைக்கும் அது பாட்டுக்குக் கைக்கு வந்த நிறத்தை அள்ளிப் போடும். பையனோட மேப்புல ஒட்டை களிக்கல் பளிச்னு நீலம். ஊசுட்டேரியை விடப் பெரிய ஏரி ஒண்ணு ஊருக்கு மேக்கால இருக்குன்னு நினைச்சுட்டேன் :-)

நிறத்துக்கும் ஒரு மரபு இருக்குங்க. 1881-ல இத்தாலியில போலோன்யா நகரத்துல நடந்த சர்வதேச நிலவியல் மாநாட்டுலேயே எந்தக் காலத்துக்கு என்ன நிறம்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. இன்னிக்கு பாரிஸ்ல இருக்கற உலக நிலவியல் வரைபட ஆணையம் ஒவ்வொரு காலத்துக்கும் ஆர்ஜிபி எண்ணே கொடுத்திருக்கு. கிரட்டேசியஸுக்கு 127, 198, 78. இளம்பச்சை. மயோசீன்னா 255, 255, 0. சுத்த மஞ்சள். இந்தக் கணக்கு தெரிஞ்சவங்க எந்த நாட்டு மேப்பை எடுத்தாலும், மொழி தெரியாட்டியும், பச்சையைப் பாத்ததும் 'கிரட்டேசியஸா இருக்கும்'னு யூகிச்சிடுவாங்க. பாஷை தெரியாத ஊர்லயும் ரயில்வே சிக்னல் புரியற மாதிரி.

அப்போ சாஃப்ட்வேர் மோசமா? இங்கேதான் நான் நிறையப் பேரோட ஒத்துப்போக மாட்டேன்.

பழைய ஆளுங்ககிட்ட இதைச் சொன்னா உடனே "அதுக்குத்தான் கையால போடணும்ங்கறது. மேப்பை மட்டும் சாஃப்ட்வேர்ல எடு, லெஜண்டைத் தனியா கோரல்டிராவுல வரைஞ்சு ஒட்டு"ம்பாங்க. இப்பவும் நிறைய இடத்துல அப்படித்தான் நடக்குது. கட்டம் கட்டமா வரைஞ்சு, நிறத்தைக் கண்ணால பொருத்தி, பேரை டைப் அடிச்சு.. பாக்க ரொம்ப லட்சணமா இருக்கும். ஆனா மறுநாள் கைடு வந்து "இந்த ரெண்டையும் ஒண்ணாக்கிடு"ம்பார். மேப்புல மாத்துவோம், ஒட்டின பட்டியல்ல மாத்த மறந்துடுவோம். மேப்புல இல்லாத பாறை குறிவிளக்கத்துல இருக்கும், குறிவிளக்கத்துல இல்லாத நிறம் மேப்புல இருக்கும். கையால செஞ்சா தப்பு வராதுங்கறது ஒரு மூடநம்பிக்கை. தப்பு வேற மாதிரி வரும், அவ்ளோதான்.

என் கட்சி என்னன்னா, குறிவிளக்கத்தை இயந்திரம் போடறதுல தப்பே இல்லை. நாம சொல்ல வேண்டியதைச் சொல்லாம அதைப் போட விட்டதுதான் தப்பு. சார்னோக்கைட்டுக்கு என்ன வயசுன்னு அந்தக் கோப்புல எங்கேயும் எழுதலை. எழுதாததை அது எப்படிப் படிக்கும்? அதுக்குத் தெரிஞ்சது எழுத்து, அதனால எழுத்து வரிசையில அடுக்கிடுச்சு. வீட்டுக்கு வந்த புது ஆளுகிட்ட "புஸ்தகத்தை அடுக்கு"ன்னு மட்டும் சொன்னா உயரப்படி அடுக்கி வைப்பான். அவன் மேல கோபப்பட்டு என்ன புண்ணியம்?

அதனால வரிசையையே மாத்தணும். பொதுவா நாம மேப்பை முடிச்சுட்டு, கடைசி நாள் ராத்திரி குறிவிளக்கத்துக்கு வருவோம். அது மேப் போடறதுக்கு முன்னாடி எழுத வேண்டியது. ஒரு சாதாரண எக்செல் அட்டவணை போதும். ஒரு பாறைத்தொகுதிக்கு ஒரு வரி. குறியீடு, பேரு, காலம், ரெண்டு வாக்கியத்துல பாறையோட விவரம், ஆர்ஜிபி நிறம், எல்லாத்துக்கும் மேலா ஒரு வரிசை எண். மேப்புல இருக்கற வடிவங்கள்ல வெறும் குறியீடு மட்டும் இருக்கணும். மத்ததெல்லாம் அட்டவணையிலேருந்துதான் வரணும்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்க நிலவியல் துறை 2020-ல ஜெம்ஸ்-னு ஒரு தரமுறையை வெளியிட்டாங்க. அதுல மேப் கோப்போட சேத்து, பாறைத்தொகுதி விவரங்களுக்குன்னே ஒரு அட்டவணை கட்டாயம். அந்த அட்டவணையில ஒரு பத்தி முழுக்க எது மேலே, எது கீழே, எது எதுக்குள்ள அடங்கும்னு எண்களால சொல்றதுக்கு மட்டும்தான். அதோட வர்ற கருவிகள்ல ஒண்ணு அந்த அட்டவணையை அப்படியே வேர்ட் கோப்பா, தலைப்பு உள்தலைப்போட, மாத்திக் கொடுத்துடும். குறிவிளக்கத்தைத் தானா போடறதுன்னா இதுதான். முடிவு மனுஷனோடது, கூலி வேலை மெஷினோடது.

பெரிய செலவும் வேண்டாம். கியூஜிஐஎஸ் இலவசம். ஜி.எஸ்.ஐ.-யோட பூகோஷ் தளத்துல பதிவு பண்ணிட்டு 1:50,000 அளவு நிலவியல் தரவை இறக்கிக்கலாம். அட்டவணையைப் படிச்சு, அதுல இருக்கற வரிசைப்படி வகைகளை உண்டாக்கி, நிறமும் பேரும் கொடுக்கற பைத்தான் நிரல் இருபது முப்பது வரிக்கு மேல போகாது. நிரல் எழுத வராதா? சிம்பாலஜி பக்கத்துல வகைகளை மவுஸால இழுத்து மேலே கீழே வைக்கலாம். எட்டுப் பாறைக்கு அஞ்சு நிமிஷ வேலை. எண்பது பாறைன்னா நிரல்தான் கதி.

அட்டவணை போட்டாச்சுன்னா தூங்கிடலாமா? அதுவும் இல்லை. ரெண்டு பொறி இருக்கு, நம்ம ஊரையே வெச்சு சொல்றேன்.

மொதல் பொறி, படத்துல தெரியறதை மட்டும் குறிவிளக்கத்துல காட்டற வசதி. கியூஜிஐஎஸ் பிரிண்ட் லேஅவுட்டுல ஒரு டிக் அடிச்சா போதும், படத்துக்குள்ள வராத வகையெல்லாம் பட்டியல்லேருந்து காணாமப் போயிடும். பெரும்பாலும் நல்ல வசதி. ஆனா நம்ம பக்கம் ராமநாதபுரம் ஃபார்மேஷன்னு ஒண்ணு இருக்கு. கீழ் கிரட்டேசியஸ். தரையில எங்கேயும் வெளியே தெரியாது, போர் போட்டாத்தான் கிடைக்கும். மேப்போட சேத்து குறுக்குவெட்டுப் படம் போட்டா அதுல அந்தப் பாறை இருக்கும், ஆனா குறிவிளக்கத்துல இருக்காது. பையனோட பட்டியல்லயும் அது இல்லாததைக் கவனிச்சீங்களா?

இதோட அக்கா தங்கச்சிதான் எல்லைப் பிரச்சினை. புதுச்சேரி எல்லை எப்படிப்பட்டதுன்னு இங்கே பஸ்ல போறவங்களுக்குத் தெரியும். பத்து நிமிஷத்துல ரெண்டு தடவை தமிழ்நாட்டுக்குள்ள போய் வந்துடுவோம். பிரெஞ்சுக்காரனும் வெள்ளைக்காரனும் கிராமம் கிராமமா பிரிச்சுக்கிட்ட கோடு. அந்தக் கோட்டை வெச்சு நிலவியல் மேப்பைக் கத்தரிச்சு, தெரியறதை மட்டும் காட்டுன்னா என்ன ஆகும்? வானூர் தமிழ்நாடு. வழுதாவூர் தமிழ்நாடு. திருவக்கரை தமிழ்நாடு. கோட்டுக்கு வெளியே மட்டும் தலைகாட்டற பாறை பட்டியல்லேருந்தே போயிடும். ஆனா அந்தப் பக்கம் பெய்யற மழைதான் வானூர் மணற்கல்லுக்குள்ள இறங்கி இந்தப் பக்கம் நம்ம ஆழ்குழாய்க்கு வருது. தண்ணிக்கு யூனியன் பிரதேசம் தெரியாது.

ரெண்டாவது பொறி, பேரு. நிலத்தடி நீர் அறிக்கைகள்ல வானூர், ஒட்டை, துருவைன்னு சொல்றதை, நிலவியல் ஆய்வுக் கட்டுரைகள்ல வழுதாவூர் ஃபார்மேஷன், மெட்டுவெளி ஃபார்மேஷன்னு வேற விதமாப் பிரிச்சு எழுதியிருப்பாங்க. ரெண்டு தரவையும் ஒரே மேப்புல கொட்டினா, சாஃப்ட்வேர் ரெண்டு பேரையும் தனித்தனி பாறையா நினைச்சு ரெண்டு நிறம் கொடுத்து உக்கார வெச்சுடும். அதனால அட்டவணையில யாரோட வகைப்பாட்டை எடுத்துக்கிட்டோம்னு ஒரு பத்தி கட்டாயம் வேணும். இது கம்ப்யூட்டர் தீர்க்கற வழக்கு இல்லை.

விதியை முன்னாடியே எழுதிட்டு அப்புறம் படம் போடறதுக்கு நம்ம ஊர்லயே ஒரு பழைய உதாரணம் இருக்கு. அது பாறை மேப் இல்லை, காட்டு மேப். செயின்ட் லூயி வீதியில இருக்கற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஆரம்பிச்சது 1955-ல. அங்கே மொதல்ல கையில எடுத்த பெரிய வேலைகள்ல ஒண்ணு பத்து லட்சத்துக்கு ஒண்ணுங்கற அளவுல இந்தியாவோட தாவர வரைபடங்கள். துலூஸைச் சேர்ந்த ஆன்றி கோசென் வகுத்த முறை. அதுல நிறத்தை யாரும் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்க முடியாது. வறட்சி, ஈரம், வெப்பம்னு ஒவ்வொரு சூழலுக்கும் ஒரு நிறம். ஒரு காட்டோட நிறம் அந்தக் காடு வளர்ற சூழலோட நிறங்கள் சேந்து கிடைக்கறது. குறிவிளக்கத்தைப் படிக்காம நிறத்தை மட்டும் பாத்தாலே மேற்குத் தொடர்ச்சி மலையோட ஈரப் பக்கம் எது, மழைமறைவுப் பக்கம் எதுன்னு தெரியும்.

யோசிச்சுப் பாத்தா அதுவும் ஆட்டோமேஷன்தான். கம்ப்யூட்டர் இல்லாம! விதியைச் சொல்லியாச்சு, வரையறவர் அதன்படி போனார். நம்மகிட்ட இப்போ கம்ப்யூட்டர் இருக்கு, ஆனா விதி இல்லை.

தமிழ்ல ஒரு மேப்புங்கற என் பழைய ஆசையும் இதோட சேந்ததுதான். தமிழ்ல நிலவியல் மேப் ஏன் இல்லைன்னு கேட்டா, "எல்லாத்தையும் மறுபடி வரையணுமே"ன்னு அலுத்துக்கறாங்க. எதையும் வரைய வேண்டாம். அட்டவணையில தமிழ்ப் பேருக்கு ஒரு பத்தி சேருங்க. அதே மேப், அதே வரிசை, அதே நிறம், குறிவிளக்கம் மட்டும் தமிழ்ல வந்துடும். வானூர்ல போர் போடறவருக்கு 'ஒட்டை களிக்கல், தண்ணி விடாத படிவு'ன்னு தமிழ்ல படிக்கக் கிடைச்சா எவ்வளவு நல்லா இருக்கும்!

'ஏ.ஐ. வந்தாச்சே, இனிமே இதெல்லாம் எதுக்கு'ன்னு சிலர் கேக்கலாம். 2022-ல அமெரிக்காவுல தார்பாவும் நிலவியல் துறையும் சேந்து ஒரு போட்டி வெச்சாங்க. பழைய காகித மேப்புகளைக் கம்ப்யூட்டரே படிச்சு, அதுல இருக்கற பாறைகளைப் பிரிச்சு எடுக்கணும். அந்தக் கம்ப்யூட்டருக்கு வழி காட்டினது எது தெரியுமா? குறிவிளக்கம்தான். 'பட்டியல்ல இருக்கற இந்தக் கட்டம் மேப்புல எங்கெங்கே இருக்கு, கண்டுபிடி' - இதுதான் பந்தயம். ஆக நாம இன்னிக்குத் தப்பா எழுதினா, நாளைக்கு அதைப் படிக்கப் போற மெஷினும் தப்பாத்தான் படிக்கும். இன்னும் வேகமா.

பையன் கதைக்கு வர்றேன். மொதல்ல முணுமுணுத்தான். "மார்க்குக்கு இதெல்லாம் பாக்க மாட்டாங்க மாமா"ன்னான். பாக்காம இருக்கலாம். ஆனா இந்த ஊர்ல குடிக்கற தண்ணிக்கு பெரும்பாலும் நிலத்தடியைத்தான் நம்பியிருக்கோம். கடற்கரை ஓரத்துல உப்பு ஏறுதுன்னு எத்தனை வருஷமா பேசிட்டிருக்கோம். அஞ்சு வருஷம் கழிச்சு எங்கே போர் போடறதுன்னு தேடற ஒரு ஆள் லைப்ரரியில இவன் ப்ராஜெக்டை எடுத்துப் பிரிப்பான். அவனுக்கு இவனோட முன்னுரையும் முடிவுரையும் தேவைப்படாது. மேப்பையும் மூலையில இருக்கற கட்டத்தையும்தான் பாப்பான். சார்னோக்கைட் ரெண்டாவது இடத்துல இருந்தா, 'கொஞ்ச ஆழத்துலயே கருங்கல்லு'ன்னு நினைச்சு மூட்டையைக் கட்டிடுவான்.

இதைச் சொன்னப்புறம் பையன் ஒண்ணும் பேசலை. எக்செல்லைத் திறந்தான். குறியீடு, பேரு, காலம், வரிசை எண். சார்னோக்கைட்டுக்கு என்ன நிறம் கொடுக்கறதுன்னே முக்கால் மணி நேரம் வாக்குவாதம். ராமநாதபுரம் ஃபார்மேஷனை 'தரையில தெரியாது'ங்கற குறிப்போட கீழேருந்து ரெண்டாவதா சேத்தான். சாயங்காலம் டீ வர்ற நேரத்துல பட்டியல் முடிஞ்சுது. அப்புறம் அதே பட்டனைத்தான் அமுக்கினான், அதே சாஃப்ட்வேர்தான். வண்டல் மேலே, சார்னோக்கைட் அடியில.

"இப்பவும் ஆட்டோமேட்டிக்தான் மாமா"ன்னான்.

ஆமாண்டா, அதைத்தான் நானும் சொல்றேன்.